புத்தகப் பையும் நம் பிள்ளைகளின் மூச்சும்

எங்கள் காலனியிலிருந்து ஊரில் இருக்கும் நடுநிலைப் பள்ளிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். பாதி வழியில் வாய்க்கால் மதகு ஒன்று இருக்கிறது. ஆடி மாதத்தில் ஒருநாள் காலை எட்டரை மணிக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மதகுக் கட்டையில் பையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோழிக்காகக் காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். மறுநாளும் அதே இடத்தில் இருந்தாள். மூன்றாம் நாள் வண்டியை நிறுத்திக் கேட்டேன்.

"மூச்சு வாங்குது சார். தெனமும் இங்க கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத்தான் போவேன்."

காய்ச்சலா, சளியா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். "பை இல்லாம வந்தா வாங்காது சார். ஞாயித்துக்கெழம கடைக்குப் போறப்ப ஓடிக்கூடப் போவேன்" என்றாள். நோய் எதில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிட்டது. அதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்குச் சில நாட்கள் ஆயின.

பைக்குள் என்ன இருந்தது?

அந்த வாரம் மாலை வகுப்புக்குப் பழைய பேப்பர் வாங்கும் நண்பர் ஒருவரை அழைத்து வந்தேன். அவரிடம் பொருளைக் கொக்கியில் மாட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு இருந்தது. பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். ஒவ்வொருவராகப் பையைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மதகில் உட்காரும் பெண்ணின் பை 5 கிலோ 200 கிராம். அவளுடைய உடல் எடையைத் துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியர் பார்த்துச் சொன்னார்: 26 கிலோ. அதாவது, தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு அவள் தினமும் போக வர மூன்று கிலோமீட்டர் நடக்கிறாள்.

பையைப் பிரித்தோம். அரசு கொடுத்த பருவப் புத்தகங்கள் இருந்தன. அவற்றின் எடை பெரிதில்லை. தமிழ்நாட்டில் 2012-13 முதல் முப்பருவ முறை வந்ததே புத்தகத்தைப் பிரித்துச் சுமையைக் குறைக்கத்தான். கனத்தது மற்றவைதான். பாடத்துக்கு இரண்டாக நீள நோட்டுகள். பக்கம் கூடிய நீள நோட்டு ஒன்று கால் கிலோவைத் தாண்டிவிடும். கையெழுத்து நோட்டு, கட்டுரை நோட்டு, அட்லஸ், ஜியோமெட்ரி பாக்ஸ் தனி. சத்துணவு வாங்க எவர்சில்வர் தட்டு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு கிலோ. இதை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை.

"எதுக்கும்மா எல்லா நோட்டையும் தூக்கிட்டுப் போற? இன்னைக்கு என்ன பாடமோ அதை மட்டும் எடுத்துட்டுப் போலாமே" என்றேன்.

"எந்த நோட்ட எப்பக் கேப்பாங்கன்னு தெரியாது சார். இல்லன்னா வெளிய நிக்கணும்" என்றாள். பிறகு மெதுவாக, "வீட்டுல வெச்சா நனைஞ்சிடும்" என்றாள்.

அவள் இருப்பது முப்பது வருடத்துக்கு முன் கட்டிய தொகுப்பு வீடு. கூரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. மழை வந்தால் பாய் விரிக்கவே இடம் தேட வேண்டும். அலமாரி, மேசை எதுவும் கிடையாது. ஆணியில் மாட்டிய பைதான் அவளுக்கு அலமாரி. அதனால் முழு ஆண்டுப் படிப்பையும் தினமும் முதுகிலேயே சுமந்து திரிகிறாள்.

மூச்சு எப்படித் தடைபடுகிறது?

புத்தகப் பை என்றாலே நாம் முதுகுவலி, தோள்வலி என்றுதான் பேசுகிறோம். மூச்சைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் பை உட்கார்ந்திருப்பது மூச்சுவிடும் கூட்டின் மேல்தான்.

நாம் மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகள் வாளியின் கைப்பிடியைத் தூக்கினாற்போல மேலேயும் பக்கவாட்டிலும் விரிகின்றன. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்குகிறது. உள்ளே இடம் உண்டாகிறது, காற்று நுழைகிறது. கனமான பையின் வார் தோளையும் மார்பையும் அழுத்தும்போது, விலாக்கூடு ஒவ்வொரு முறையும் அந்தச் சுமையையும் சேர்த்துத் தூக்கித்தான் விரிய வேண்டியிருக்கிறது. பை பின்னால் இழுப்பதால் பிள்ளை முன்னால் குனிகிறது. குனிந்தால் வயிறு மடங்குகிறது. உதரவிதானம் இறங்க இடம் குறைகிறது. ஒரு மூச்சில் உள்ளே போகும் காற்று குறைந்தால், அதை ஈடுகட்ட அடுத்தடுத்து வேகமாக மூச்சுவிட வேண்டும். இதைத்தான் நாம் 'மூச்சு வாங்குது' என்கிறோம்.

ஹாங்காங்கில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2001-இல் வெளியிட்டார்கள். பை இல்லாமல் நிமிர்ந்து நிற்கும்போதும், கூன் போட்டு நிற்கும்போதும், வெவ்வேறு எடையுள்ள பையை மாட்டியிருக்கும்போதும் குழந்தைகள் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவைக் கருவியால் அளந்தார்கள். சுமை உடல் எடையில் 20 விழுக்காடு, 30 விழுக்காடு என்று ஏறியபோது அந்த அளவு குறைந்தது. பை இல்லாமல் வெறுமனே கூன் போட்டு நின்றபோதும் குறைந்தது. நம் பிள்ளைகளுக்குச் சுமை, கூன் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பையை இறக்கி வைத்துவிட்டால் ஆரோக்கியமான பிள்ளையின் மூச்சு சிறிது நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். பையால் நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுப்போகும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ஏற்கெனவே மூச்சுக்குச் சிரமப்படும் பிள்ளைக்கு இந்தச் சுமை இரட்டிப்பாகிறது. இளைப்பு, வீசிங் இருக்கும் பிள்ளைகள், விறகடுப்புப் புகையில் வளரும் பிள்ளைகள், செங்கல் சூளை ஓரத்தில் வாழும் பிள்ளைகள் இதில் வருவார்கள். ரத்தசோகை உள்ள பிள்ளைகளும் வருவார்கள். காற்றில் உள்ள ஆக்சிஜனை உடம்பெங்கும் எடுத்துச் செல்வது ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின். அது குறைவாக இருந்தால் அதே வேலைக்கு இதயமும் மூச்சும் வேகமாக ஓட வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. தாய்க்கு ரத்தம் குறைவாக இருக்கும் வீட்டில் மகளுக்கு மட்டும் நிறைவாக இருக்குமா?

இரண்டு கிலோவா, நான்கு கிலோவா?

பைச் சுமையைப் பற்றி இந்த நாடு பேசத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மால்குடி கதைகளை எழுதிய ஆர்.கே.நாராயண் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989-இல் தன் முதல் பேச்சையே குழந்தைகளின் புத்தக மூட்டையைப் பற்றித்தான் பேசினார். அதன் பிறகு அறிவியலாளர் யஷ்பால் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 1993-இல் 'சுமையில்லாக் கற்றல்' என்ற அறிக்கை வந்தது. முதுகுச் சுமையைவிடப் புரியாத பாடத்தின் சுமை கொடியது என்றது அந்த அறிக்கை. 2006-இல் மாநிலங்களவையில் பை எடையைக் கட்டுப்படுத்தத் தனிநபர் மசோதா ஒன்று வந்தது. அது சட்டமாகவில்லை. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றும், பை எடையைக் குறைக்கக் கொள்கை வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் மத்தியக் கல்வித்துறை வகுப்புவாரியாக எடை வரம்பைச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. 2020-இல் 'பள்ளிப் பைக் கொள்கை' வந்தது.

இந்த 2020 கொள்கையை நம் மக்கள் கவனமாகப் படிக்க வேண்டும். பையின் எடை குழந்தையின் உடல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அதன் அடிப்படை. அதிலிருந்து வகுப்புவாரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு 1.6 முதல் 2.2 கிலோ. மூன்று முதல் ஐந்து வரை 1.7 முதல் 2.5 கிலோ. ஆறு, ஏழுக்கு 2 முதல் 3 கிலோ. எட்டாம் வகுப்புக்கு 2.5 முதல் 4 கிலோ. ஒன்பது, பத்துக்கு 2.5 முதல் 4.5 கிலோ. பதினொன்று, பன்னிரண்டுக்கு 3.5 முதல் 5 கிலோ.

ஒரே வகுப்புக்கு எதற்கு இரண்டு எண்கள்? எட்டாம் வகுப்பில் 25 கிலோ எடையுள்ள பிள்ளையும் இருக்கும், 40 கிலோ எடையுள்ள பிள்ளையும் இருக்கும் என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது. ஒருவருக்கு 2.5 கிலோ, இன்னொருவருக்கு 4 கிலோ. ஆனால் பள்ளிக்கூடத்தில் பேசும்போது எல்லோர் கண்ணிலும் மேல் எண் மட்டும்தான் படுகிறது. 'நாலு கிலோ வரைக்கும் இருக்கலாம்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கீழ் எண்ணில் நிற்கும் பிள்ளை யார்? வேலைக்குப் போகும் அம்மா ஆக்கி வைத்த பழைய சோற்றைச் சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஓடிவரும் பிள்ளை. கரும்பு வெட்டுக்கும் சூளைக்கும் போன பெற்றோரோடு ஊர் ஊராக அலைந்து வளர்ந்த பிள்ளை. அந்த வரிசையில் நம் காலனிப் பிள்ளைகளே அதிகம் நிற்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே நோட்டு, ஒரே பை. சமமாகத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த 5 கிலோ 200 கிராம் பை 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 13 விழுக்காடு. எங்கள் 26 கிலோ பிள்ளைக்கு 20 விழுக்காடு. வரம்பை மீறுவது இருவருக்கும்தான் நடக்கிறது. மூச்சு வாங்கி மதகில் உட்காருவது ஒருத்தி மட்டும்தான்.

வழியும் ஒரு சுமை

பையின் எடையோடு அதைச் சுமக்கும் தூரத்தையும் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டு விதிகள், தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. மூன்று கிலோமீட்டர் என்பது காகிதத்தில் சிறிய தூரம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது சுமையோடு முக்கால் மணி நேர நடை.

ஊரில் பள்ளி, ஊரில் பஸ் நிறுத்தம், ஊரில் ரேஷன் கடை என்பது நம் மாவட்டத்துக் கிராமங்களின் பழைய அமைப்பு. எங்கள் பிள்ளைகள் ஊர்த்தெரு வழியாகப் போனால் பள்ளிக்கு இன்னும் பக்கம். அந்தத் தெருவில் வராதே என்று இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனாலும் பிள்ளைகள் ஏரிக்கரையைச் சுற்றித்தான் போகிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் அப்படித்தான் போனார்கள். "அந்தப் பக்கம் போனா திண்ணையில இருக்கறவங்க ஒரு மாதிரி பாப்பாங்க சார்" என்றான் ஓர் ஆறாம் வகுப்புப் பையன். அந்தப் பார்வைக்காக அவன் தினமும் கூடுதலாக நடக்கும் தூரத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

வண்டியுள்ள வீட்டுப் பிள்ளையின் பையை அப்பா பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக்கொண்டு போகிறார். பதினொன்றாம் வகுப்பில் அரசு சைக்கிள் கொடுக்கிறது. இந்தத் திட்டம் முதலில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத்தான் தொடங்கப்பட்டது என்பதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். நடக்கும் தூரம் படிப்பை நிறுத்திவிடும் என்று உணர்ந்ததால் வந்த திட்டம் அது. ஆனால் சைக்கிள் வரும் முன்பே, ஆறிலிருந்து பத்து வரை உள்ள ஐந்து ஆண்டுகள் நடையில்தான் போகின்றன.

பாட்டியின் கேள்வி

பையின் எடையைக் குறைக்க வேண்டும் என்று காலனியில் பேசியபோது முதல் எதிர்ப்பு அந்தப் பெண்ணின் பாட்டியிடமிருந்து வந்தது.

"நாங்க நெல்லுக் கட்டு செமந்தோம், கரும்புக் கட்டு செமந்தோம், வயித்துல புள்ளையோட செங்கல் செமந்தோம். அது பொஸ்தகந்தானே தம்பி செமக்குது? செமக்கட்டுமே" என்றார்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாத நாட்டில், 1894-இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியதே பெரிய செய்தியாக இருந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் தனியாக உட்கார வைக்கப்பட்டு, வாசலில் நின்று படித்து, இந்தப் புத்தகங்களை நம் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நானே மஞ்சப்பையில் சிலேட்டை வைத்துக்கொண்டு போனவன். பெரிய பையோடு பேத்தி போவதைப் பார்க்கையில் அந்தப் பாட்டிக்கு வரும் பெருமையை யாரும் குறைத்துப் பேச முடியாது.

இந்தப் பெருமையைத்தான் சில தனியார் பள்ளிகள் காசாக்குகின்றன. பை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்ல படிப்பு என்று நம் ஆட்கள் வட்டிக்கு வாங்கிப் பிள்ளையை வேனில் ஏற்றி அனுப்புகிறார்கள். பாடநூலோடு பயிற்சி நூல், அதற்கு உரைநூல் என்று பை வீங்குகிறது. பை கனப்பதால் படிப்பு கூடுவதில்லை. மூச்சு வாங்கி வந்து உட்காரும் பிள்ளைக்கு முதல் பாடவேளை களைப்பிலேயே கழிந்துவிடுகிறது.

பாட்டியிடம் கடைசியில் இப்படித்தான் சொன்னேன்: "ஆயா, நீங்க செமந்ததெல்லாம் போதும்னுதானே அதப் படிக்க அனுப்பறீங்க? அங்க போயும் அது எதுக்கு மூட்ட தூக்கணும்?" அவர் சிரித்தார். பேத்தியின் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, இம்மாங் கனமா?" என்றார்.

என்ன செய்யலாம்?

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினருக்கு உரிய இடம் தர வேண்டும். எங்கள் பள்ளியின் குழுவில் காலனித் தாய்மார்களும் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் தொங்கு தராசோடு போனார்கள். தலைமையாசிரியை பையை மாட்டி எடை பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவரே தாளும் பேனாவும் எடுத்தார்.

முடிவானவை சிறிய விஷயங்கள்தான். கால அட்டவணையைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி, அன்றைய பாடத்துக்குரிய நோட்டை மட்டும் கேட்பது. கட்டுரை நோட்டையும் அட்லஸையும் வகுப்பிலேயே இரும்புப் பெட்டியில் வைப்பது. சத்துணவுத் தட்டைப் பள்ளியிலேயே அடுக்கி வைப்பது. குடிநீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை கழுவி, காலி பாட்டிலோடு வரும் பிள்ளை அங்கேயே நிரப்பிக்கொள்வது. இவை எதுவும் புதிதல்ல. பள்ளியில் நல்ல குடிநீரும் நல்ல மதிய உணவும் கிடைத்தால் பிள்ளைகள் சுமந்து வரத் தேவையில்லை என்று 2020 கொள்கையே சொல்கிறது. புத்தகம் வைக்கப் பள்ளியில் இடம் ஒதுக்கச் சொல்கிறது. எடை பார்க்கும் கருவியை வைக்கச் சொல்கிறது. கொள்கையில் இருப்பதை நாம் கேட்டு வாங்கினோம், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து மறுபடி எடை பார்த்தோம். அந்தப் பெண்ணின் பை 3 கிலோ 100 கிராமாகக் குறைந்திருந்தது. அவளுக்குரிய வரம்பு 2 கிலோ 600 கிராம். இன்னும் அரைக் கிலோ குறைய வேண்டும். செவிலியர் சொன்னபடி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதித்ததில் ரத்தசோகை இருப்பது தெரிந்தது. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை அவள் வாந்தி வருகிறது என்று இத்தனை நாளும் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். இப்போது சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசிரியை பார்க்கச் சாப்பிடுகிறாள். அதோடு மருத்துவர் கொடுத்த மருந்தும் நடக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உன் எடையைப் பத்தால் வகுத்துப் பார். அதுதான் உன் பையின் எல்லை. இரண்டு வாரையும் இரு தோளிலும் மாட்டு. ஒரு தோளில் தொங்கவிடாதே. கனமான புத்தகத்தை முதுகை ஒட்டி வை. லேசானதை வெளிப்பக்கம் வை. வாரைச் சுருக்கி, பை இடுப்புக்குக் கீழே தொங்காதபடி பார்த்துக்கொள். மூச்சு வாங்கினால் வெட்கப்படாமல் பையை இறக்கி வைத்து, நிமிர்ந்து நின்று மூச்சு விடு. பை இல்லாதபோதும் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலோ வீட்டில் சொல்.

பெற்றோர் இன்று இரவு பிள்ளை தூங்கியதும் அந்தப் பையை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். கீழ் இமையை லேசாக இழுத்து உள்ளே சிவப்பாக இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று காலையில் பாருங்கள். வெளுத்திருந்தால் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். ரத்தப் பரிசோதனை அங்கே இலவசம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது பக்கத்துப் பேப்பர்க் கடையில் ஒரு தராசை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள்.